குறட்டை விடுற டிரைவருக்கு ஒரு டெஸ்ட் வேணுமுங்க

மேடையில இருக்கிற சங்கத் தலைவர் அய்யா அவர்களே, செயலாளர் அவர்களே, டூட்டி முடிச்ச கையோட நமக்காக வந்திருக்கிற டாக்டர் அம்மா அவர்களே, பாடி கட்டுற பட்டறைக்காரங்களே, டிரைவர் அண்ணன்மார்களே, தாய்மார்களே, எல்லாருக்கும் வணக்கமுங்க. பந்தல் போட்ட தம்பிங்களுக்கும் நன்றி சொல்லணும், மத்தியான வெயில்ல நின்னு கட்டுனாங்க.

இன்னைக்கு மூணு விஷயம் பேச வந்தேன், இருதயம், சர்க்கரை, ரோட்டு விபத்து. மூணுக்கும் தூக்கத்துல மூச்சடைக்கிற நோய்க்கும் தொடர்பு இருக்கு.

"பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாது"ன்னு எங்க அம்மாவைப் பெத்த அமுச்சி அடிக்கடி சொல்லும். எங்க மாமா வெறுந்தரையில படுத்து குறட்டை விடுறதைப் பாத்துதான் சொல்லும், புள்ளை அசந்து தூங்குறான்னு அதுக்கு அவ்வளவு சந்தோஷம். நாம எல்லாருமே அப்படித்தான நெனைச்சோம்?

மாமா நாமக்கல்லுல இருந்து பெங்களூருக்கு முட்டை லோடு ஓட்டுனவரு. வண்டியில கூடப் போன கிளீனர் பையன் ஒருநாள் என்கிட்ட சொன்னான், "அண்ணே, குறட்டை சத்தம் எனக்குப் பழகிருச்சு, அது திடீர்னு நிக்குது பாருங்க, அப்பதான் பயம், ஒண்ணு ரெண்டுன்னு எண்ணுவேன், இருபதைத் தாண்டுனா தோளைத் தட்டிருவேன்"னு. அந்தப் பையன் எந்தப் புத்தகத்துல படிச்சான் சொல்லுங்க! 10 செகண்டாவது மூச்சு நின்னாத்தான் டாக்டருங்க அதை ஒரு தடவைன்னு கணக்குல எடுக்குறாங்க, மணிக்கு 5 தடவைக்கு மேல போனா கவனிக்கணும், 30ஐத் தொட்டா கடுமை. அப்புறம் ஒருநாள் காலி வண்டியில திரும்பி வர்றப்ப தொப்பூர் கணவாய் இறக்கத்துல மாமாவுக்குக் கண்ணு சொருகிருச்சு, பையன் கத்துன கத்துல முழிச்சு ஸ்டியரிங்கை ஒடிச்சாரு, ஓரச் சுவத்துல உரசி வண்டி நின்னுச்சு, ரெண்டு பேரும் அன்னைக்குப் பொழைச்சது அந்தப் பையனாலதான். பிரஷருக்கு மூணு மாத்திரை போட்டும் குறையாம இருந்த மனுசனை அதுக்கப்புறம்தான் தூக்க டெஸ்ட் எடுக்க வச்சோம், மணிக்கு 42 தடவை மூச்சு நின்னுருக்கு. நித்திரை சுகம் அறியாதுன்னு சொன்ன அமுச்சி அதைக் கேட்டு அழுதுருச்சு.

தூக்கத்துல தொண்டைச் சதை தளந்து மூச்சு வழி அடைக்குது, ஆக்சிஜன் இறங்குது, மூளை பதறி எழுப்புது, பிரஷர் எகிறுது. இது ராத்திரி பூரா நடந்தா பகல்ல கண்ணு சொக்காம என்ன செய்யும்? 1981ல சிட்னியில காலின் சல்லிவன்ங்கிற டாக்டர், தூசி உறிஞ்சுற மெஷின் மோட்டாரைத் திருப்பி வச்சு மூக்கு வழியா காத்தை ஊதி 5 பேருக்கு அந்த அடைப்பை நிறுத்திக் காட்டுனாரு, அதுதான் இன்னைக்கு இருக்கிற சீபேப் மெஷினோட ஆரம்பம்.

இருதயத்தைப் பத்தி ஒண்ணு நேர்மையா சொல்லணும். ஏற்கெனவே இருதய நோயோ பக்கவாதமோ இருந்த சுமார் 2,700 பேரை வச்சு நடந்த ஆராய்ச்சி 2016ல வந்துச்சு, மெஷின் வச்சதால மாரடைப்பு குறைஞ்சதுன்னு அதுல நிரூபணம் ஆகல. ஆனா அவங்க சராசரியா ராத்திரிக்கு 3.3 மணி நேரம்தான் மாட்டியிருந்தாங்க, அப்படி மாட்டுனதுக்கே பகல் தூக்கம் நல்லா குறைஞ்சிருக்கு. டிரைவருக்கு வேண்டியது அதுதானுங்க! சர்க்கரையைப் பத்தி டாக்டர் அம்மா பேசுவாங்க, நான் லைசென்சுக்கு வந்துடுறேன்.

ரினிவலுக்குப் போனா கண்ணைப் பாக்குறோம், அந்தக் கண்ணு தானா மூடுற நோயைப் பாக்க வேண்டாமா? பிரிட்டன்ல இந்த நோயால பகல்ல தூக்கம் அழுத்துனா லைசென்ஸ் ஆபீசுக்குச் சொல்லியே ஆகணும், வைத்தியத்துல கட்டுக்குள்ள வந்தா திரும்ப ஓட்டலாம். சோத்துல மண்ணு விழுந்துரும்னு பயப்படாதீங்க அண்ணன்மார்களே, நாம கேக்குறதும் அதேதான்: ஜிஹெச்ல இலவச டெஸ்ட், மெஷினுக்கு உதவி, வைத்தியம் முடியிற வரைக்கும் வேலைக்குப் பாதுகாப்பு. நித்திரை சுகம் அறியாதுன்னு இன்னும் எத்தனை நாளைக்கு விட்டு வைக்கிறது?

மனு அந்தப் பக்கத்து மேசையில இருக்குதுங்க. கையெழுத்துப் போடுங்க, வீட்டுக்காரம்மாவையும் போடச் சொல்லுங்க, மூச்சு நிக்கிறதை ராத்திரி முழிச்சிருந்து பாக்குறது அவங்கதான்.