குளிரில் பைனாகுலர்: தொல்லை தருவது நம் சூடு

நேயர்களுக்கு வணக்கம்.

பனி பெய்யும் நாடுகளில் பறவை பார்ப்பவர்கள் குளிர்காலம் வந்ததும் வீட்டுக்குள் முடங்கிவிடுவார்கள் என்று நினைத்தால் அது தவறு. இலை உதிர்ந்த மரத்தில் பறவை ஒளிந்துகொள்ள இடமில்லை. ஏரி உறைந்துபோனால், உறையாமல் மிஞ்சிய சிறு நீர்ப்பரப்பில் வாத்துகள் வந்து நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். வட அமெரிக்காவில் ஃபிராங்க் சாப்மேன் என்ற பறவையியலாளர் 1900ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று தொடங்கிவைத்த பறவைக் கணக்கெடுப்பு இன்றும் டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முதல் வாரம் வரை நடக்கிறது. பிரிட்டனில் 1979 முதல் நடந்துவரும் தோட்டப் பறவைக் கணக்கெடுப்புக்கும் ஜனவரியைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

இந்தக் குளிர் பைனாகுலரைக் கெடுத்துவிடுமோ என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல பைனாகுலர்களின் கையேட்டைப் புரட்டினால், உறைநிலைக்குக் கீழே 20, 25 டிகிரி வரைகூட இயங்கும் என்று போட்டிருப்பதைப் பார்க்கலாம். அந்தக் குளிரில் கருவிக்கு முன்பே நாம்தான் களைத்துப்போவோம். உண்மையில் அதற்குத் தொல்லை தருவது நம் சூடுதான். மூச்சு, உடம்பு, காரின் ஹீட்டர், எல்லாவற்றுக்கும் மேலாக நம் வெதுவெதுப்பான வீடு.

வீட்டு வாசலிலிருந்தே தொடங்குகிறேன். பெரிய சேதம் நடக்கும் இடம் அது. வெளியே சில மணி நேரம் நின்றுவிட்டு உள்ளே வருகிறோம். அறையின் வெப்பம் 20 டிகிரி செல்சியஸ், காற்றின் ஈரப்பதம் 50 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காற்றிலிருக்கும் நீராவி, சுமார் 9 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருக்கும் எந்தப் பரப்பில் பட்டாலும் துளியாகப் படிந்துவிடும். நம் கழுத்தில் தொங்குவதோ பூஜ்யம் டிகிரியில் இருக்கும் கண்ணாடியும் உலோகமும். குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த பாட்டிலைப் போல ஒரே நிமிடத்தில் வியர்த்துவிடும்.

உள்ளே நைட்ரஜனோ ஆர்கானோ நிரப்பி, ரப்பர் வளையங்களால் இறுக மூடப்பட்ட பைனாகுலராக இருந்தால் பெரிய கவலை இல்லை. அந்த வாயுவில் ஈரமில்லை என்பதால் உட்புறம் மங்காது. வெளியே படிந்தது தானாக உலர்ந்துவிடும். மூடப்படாத மலிவான கருவிகளிலும் பழைய கருவிகளிலும்தான் சிக்கல். ஈரக்காற்று உள்ளே நுழைந்து, உருவத்தை நிமிர்த்திக் காட்டும் கண்ணாடிப் பட்டகங்களில் (ப்ரிஸம்) படியும். அதை அப்படியே உறைக்குள் போட்டு அலமாரியில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை லென்ஸின் மேற்பூச்சை அரித்துவிட்டால் அதைத் திரும்பப் பெற வழியில்லை.

இதற்கான பரிகாரம் மிக எளிது, ஆனால் உள்ளே போய்ச் சேரும் அவசரத்தில் பலரும் செய்வதில்லை. வாசலுக்கு வெளியே நிற்கும்போதே பைனாகுலரை ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றைப் பிதுக்கி வெளியேற்றி மூடிவிடுங்கள். பிறகு உள்ளே கொண்டுவாருங்கள். நீர்த்துளி பையின் வெளிப்புறத்தில் படியும். இரண்டு மூன்று மணி நேரம் கழித்து, கருவி அறையின் வெப்பத்துக்கு வந்த பின் திறக்கலாம். சீக்கிரம் சூடாகட்டும் என்று ஹீட்டர் பக்கத்தில் வைக்க வேண்டாம். மறுநாள் காலையே மீண்டும் கிளம்புவதாக இருந்தால், சூடேற்றாத ஓர் அறையில் வைத்துவிடுவது இன்னும் நல்லது.

வெளியே நிலைமை வேறு. 20 டிகிரிக் காற்று ஒரு கனமீட்டருக்குச் சுமார் 17 கிராம் நீராவியைத் தாங்கும். உறைநிலைக்குக் கீழே 10 டிகிரியில் இரண்டு கிராமுக்குச் சற்றே அதிகம், அவ்வளவுதான். ஆகவே பனி கொட்டாத நாளில் அந்த வெளியில் ஈரம் கக்குகிற பொருள் நாம்தான். மூக்கு வரை மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு பைனாகுலரைத் தூக்கினால், விடும் மூச்சு மஃப்ளரின் மேல் விளிம்பு வழியாக நேராகக் கண்ணருகு லென்ஸுக்குப் போகிறது. மஃப்ளரைத் தாடைக்குக் கீழே இறக்குங்கள். பார்க்கும் சில நொடிகள் மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். பைனாகுலரை இறக்கிய பிறகு, மூச்சைக் கீழ்நோக்கியோ பக்கவாட்டிலோ விடுங்கள். கண்ணின் ஈரமும் லென்ஸை மங்கச் செய்யும் என்பதால், ரப்பர் விளிம்பைக் கண்குழியில் அழுத்தி ஒட்டாமல் சிறிது இடைவெளி விடவேண்டும். மூக்குக்கண்ணாடி அணிபவர்களுக்கு இரட்டைத் தொல்லை. மங்குவதற்கு அவர்களிடம் இன்னொரு கண்ணாடியும் இருக்கிறது.

பைனாகுலரைக் கோட்டுக்குள் வைப்பதா, வெளியே தொங்கவிடுவதா? இதில் பறவை பார்ப்பவர்களிடையே ஒத்த கருத்து கிடையாது. நான் வெளியே என்கிற கட்சி. நடந்து வியர்த்த உடம்பின் ஆவி முழுவதும் கோட்டுக்குள்தான் இருக்கிறது. குளிர்ந்த லென்ஸை அதற்குள் நுழைப்பது வீட்டு வாசலில் நடப்பதையே சிறிய அளவில் திரும்பச் செய்வதாகும். கண்ணருகு லென்ஸ்களுக்கு மூடி போட்டு வெளியே விட்டால் போதும்.

ஃபோகஸ் சக்கரம் குளிரில் இறுகும். உள்ளே இருக்கும் கிரீஸ் கெட்டிப்படுவதுதான் காரணம். பலம் காட்டாமல், முன்னும் பின்னும் மெல்லத் திருப்பினால் இளகிக் கொடுக்கும். கடையின் கதகதப்பில் வழுக்கிக்கொண்டு சுழன்றது என்பதை நம்பி வாங்கிவிடாதீர்கள். தடித்த கையுறையோடு சக்கரத்தை உணர முடியாது. மெல்லிய உள்ளுறையும் அதன்மேல் விரல் பகுதியைத் திறந்து மடிக்கக்கூடிய கையுறையும் போட்டுக்கொள்வது வசதி.

எந்த அளவு வாங்கலாம் என்றால் தயங்காமல் 8×42 என்பேன்; அதாவது எட்டு மடங்கு உருப்பெருக்கம், 42 மில்லிமீட்டர் விட்டமுள்ள முன் லென்ஸ். முன் லென்ஸின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும்: இதில் 5.25 மில்லிமீட்டர். சட்டைப்பையில் அடங்கும் 10×25இல் வெறும் 2.5. குறுகிய பகலும் மங்கிய வானமும் உள்ள மாதங்களில் அந்த வித்தியாசம் அந்திநேரத்தில் நன்றாகத் தெரியும். தவிர, குளிரில் கை நடுங்கும்; பத்து மடங்கு உருப்பெருக்கம் நடுக்கத்தையும் பத்து மடங்காக்கும். ஓர் எச்சரிக்கையும் உண்டு. குளிர்காலச் சூரியன் தாழ்ந்தே நகரும், பறவையைத் துரத்துகிற வேகத்தில் பைனாகுலர் சூரியன் பக்கம் திரும்பிவிடக் கூடாது. கண் போய்விடும்.

காருக்குள்ளிருந்து பார்க்க விரும்பினால் ஹீட்டரை அணைத்துச் சன்னலை இறக்குங்கள். உள்ளிருந்து வெளியேறும் சூடான காற்று குளிர்ந்த காற்றோடு கலக்கும்போது உருவம் நெளியும். பைனாகுலரில் ஏதோ கோளாறு என்று தோன்றும். காற்று சமநிலைக்கு வந்ததும் சரியாகிவிடும்.

லென்ஸில் பனித்துகள் ஒட்டினால் கையுறையால் துடைப்பதும் வாயால் ஊதுவதும் அனிச்சைச் செயல்கள். இரண்டுமே ஆகாது. ஊதிய மூச்சு அங்கேயே உறைந்துவிடும். துடைத்தால், பனியோடு இருக்கும் மணல் துகள் மேற்பூச்சைக் கீறும். 1935இல் ஜெர்மனியின் சைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மக்குலா கண்டுபிடித்த எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சின் வழிவந்தது அது. மெக்னீசியம் ஃபுளோரைடுப் பூச்சு என்றால் ஒரு படலத்தின் தடிமன், மில்லிமீட்டரில் சுமார் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. மென்மையான தூரிகையால் தட்டிவிடுங்கள், அல்லது கையால் அழுத்தும் ரப்பர் ஊதியைப் பயன்படுத்துங்கள்.

உருவ நடுக்கத்தைத் தடுக்கும் மின்வகை பைனாகுலர் வைத்திருப்பவர்கள் லித்தியம் பேட்டரி போடுவது நல்லது; சாதாரண ஆல்கலைன் பேட்டரி குளிரில் விரைவாகச் சோர்ந்துவிடும். உதிரி பேட்டரிகள் உள்சட்டைப் பையில், உடம்போடு ஒட்டி இருக்கட்டும்.

நன்றி, வணக்கம்.