கடல் வராது, கலிங்கு எங்கே?

(ஃபுளோரிடா மாநிலத்து ஆர்லாண்டோவில் சித்திரைத் திருநாள் விழாவில் பேசியது)

தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, காலையிலிருந்து டிக்கெட் மேஜையை விட்டு நகராமல், காப்பிகூடக் குடிக்காமல் உட்கார்ந்திருக்கும் பொருளாளர் அம்மா அவர்களே, கவுண்டியிலிருந்து, அதாவது நம் மாவட்ட நிர்வாகத்திலிருந்து, வேட்டி கட்டி வந்திருக்கும் விருந்தினர் அவர்களே, வணக்கம். விருந்தினருக்குத் தமிழ் தெரியாது. தலைவரின் மகன் பக்கத்தில் உட்கார்ந்து காதில் சொல்லிக்கொண்டிருக்கிறான். தம்பி, நான் கவுண்டியைப் பற்றிச் சொல்லும்போது கொஞ்சம் பார்த்துச் சொல். எனக்கு முன்னால் ஆடிய குழந்தைகளுக்கும், அவர்களைப் பழக்கிய நடன ஆசிரியைக்கும் ஒரு கைதட்டல் கொடுங்கள். பொன்னாடை போர்த்திய சங்கத்துக்கும் நன்றி. இது எனக்கு ஒன்பதாவது பொன்னாடை. வீட்டில் எல்லாம் சோபா உறையாகிவிட்டது.

புயலைப் பற்றி மூன்று விஷயங்கள் பேசலாம் என்று குறித்து வந்தேன். ஒன்று கடல், இரண்டு மழை, மூன்று மரம். போன மாதம் இங்கே புதிதாக வீடு வாங்கிய ஒரு தம்பி கேட்டார்: "அங்கிள், ஹரிக்கேன் வந்தா ஸ்டார்ம் சர்ஜ் நம்ம வீடு வரைக்கும் வருமா?" நல்ல கேள்வி. பதில், வராது. அவ்வளவுதான். ஆனால் இந்தப் பதிலைக் கேட்டு நிம்மதியாகத் தூங்கப் போனவன் நான். அதனால்தான் இன்றைக்கு மைக்கைப் பிடித்திருக்கிறேன்.

ஸ்டார்ம் சர்ஜ் என்றால் என்ன? நாகப்பட்டினத்துக்காரரைக் கேட்டால் "கடல் ஏறிடுச்சு" என்பார். அதுதான். புயல்காற்று கடல்நீரைக் கரை நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கிறது. கரையோரக் கடல் ஆழமில்லாமல் இருந்தால் தண்ணீர் திரும்பிப் போக வழியில்லாமல் மேலே எழும்பி ஊருக்குள் வருகிறது. 2022 செப்டம்பர் 28 அன்று இயான் புயல் கரையேறியபோது நம் மாநிலத்து மேற்குக் கரையில் ஃபோர்ட் மையர்ஸ் பீச்சில் பத்துப் பதினைந்தடி உயரத்துக்கு வந்தது. அதே நாளில் டாம்பா விரிகுடாவில் காற்று எதிர்த்திசையில் அடித்ததால் கடல் உள்வாங்கிப்போனது. சேற்றில் இறங்கி நடந்து செல்ஃபி எடுத்தார்கள் நம் மக்கள். 2005இல் கத்ரீனா புயல் மிசிசிப்பிக் கரையில் ஏற்றிய தண்ணீர் சுமார் 28 அடி. அமெரிக்காவில் அளந்ததிலேயே பெரிது அதுதான். நம் ஆர்லாண்டோ கடல்மட்டத்துக்கு மேல் தொண்ணூறு, நூறு அடியில் இருக்கிறது. அட்லாண்டிக் ஐம்பது மைல் சொச்சம், டாம்பா எண்பது மைலுக்கு மேல். கடல் இங்கே வரவேண்டுமென்றால் ஐ-4 நெடுஞ்சாலையில் டிராஃபிக்கில் நின்றுதான் வரவேண்டும்.

உள்நாடு என்றாலே பயமில்லை என்று மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 1928 செப்டம்பரில் ஒக்கிசோபி ஏரியில் என்ன நடந்தது? அது கடலிலிருந்து நாற்பது மைல் உள்ளே இருக்கிற நன்னீர் ஏரி. புயல்காற்று ஏரித் தண்ணீரையே தெற்குப் பக்கம் தள்ளி, மண்கரையை உடைத்து, பெல் கிளேடு பக்கம் 2,500 பேருக்கு மேல் பலிவாங்கியது. பெரும்பாலும் வயல்வேலைக்கு வந்த கறுப்பினத் தொழிலாளர்கள். செத்த பிறகும் அவர்களுக்குச் சவப்பெட்டி கிடைக்கவில்லை, பொதுக்குழியில் போட்டு மூடினார்கள். இன்றைக்கு ஏரியைச் சுற்றி நிற்கும் ஹெர்பர்ட் ஹூவர் கரை அதற்கப்புறம் கட்டியதுதான். கடல் மட்டும்தான் ஏறும் என்று யார் சொன்னது?

"மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே" என்று நம்மவர்கள் சொல்வார்கள். இதை நான் அடிக்கடி சொல்வதால் சங்கத்துப் பிள்ளைகள் எனக்கு மண்குதிரை அங்கிள் என்று பெயர் வைத்திருப்பது தெரியும். பரவாயில்லை. என் மண்குதிரை எது தெரியுமா? ஹோம்ஓனர்ஸ் இன்ஷூரன்ஸ்.

இயான் வந்த வாரம் என் மாமியார் எங்கள் வீட்டில் இருந்தார். உறையூர்க்காரர். வீட்டுக்குப் பின்னால் ஒரு தண்ணீர்த் தேக்கம். விற்றவர் அதை "லேக் வியூ" என்றார், நானும் கூடுதலாகப் பணம் கொடுத்தேன். உண்மையில் அது மழைநீர் வாங்குகிற குட்டை. அத்தை வந்த முதல் நாளே அதைச் சுற்றி நடந்துவிட்டு வந்து கேட்டார்: "மாப்பிள்ளை, இந்தக் குளத்துக்குக் கலிங்கு எங்க இருக்கு?" கலிங்கு என்றால் குளம் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வெளியே போகிற வழி. நான் சிரித்தேன். "அத்தை, இது அமெரிக்கா. எல்லாம் இன்ஜினியர் போட்டுக் கட்டினது" என்றேன். நானே இன்ஜினியர்தான். சாஃப்ட்வேர்.

புயலன்று மத்தியானம் டிவியில் ஃபோர்ட் மையர்ஸைக் காட்டினார்கள். "கடல் இங்க வருமா?" என்றார். "வராது அத்தை, ஐம்பது மைல்" என்றேன். "திருச்சிக்கும் கடல் தூரந்தான்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். 1977 நவம்பரில் புயல் கரையேறியது நாகப்பட்டினத்தில், வெள்ளம் புகுந்தது திருச்சியில். கோரையாறும் குடமுருட்டியும் தெருவில் ஓடியதைப் பார்த்தவர் அவர். சாயங்காலம் பார்க்கிறேன், அரிசி மூட்டை சாப்பாட்டு மேஜை மேல், பாஸ்போர்ட் எல்லாம் ஃப்ரிட்ஜ் தலையில், மகளின் வீணை கட்டில் மேல். நானும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம்.

விடிகாலை மூன்று மணிக்குக் காலைக் கீழே வைத்தேன். சளக்!

கணுக்கால் அளவுதான். ஆனால் கணுக்கால் தண்ணீருக்குச் சுவரை இடுப்பு வரை அறுத்தெடுக்க வேண்டும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. இங்கே சுவர் என்பது அட்டை மாதிரி, தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே மேலே ஏறும். பத்து நாள் கழித்து இன்ஷூரன்ஸ்காரர் வந்தார். எந்தக் கம்பெனி என்று சொல்லமாட்டேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "தண்ணீர் மேலிருந்து வந்ததா, தரையிலிருந்து வந்ததா?" கூரை பிய்ந்து மழை உள்ளே வந்திருந்தால் பணம் உண்டு. தரை வழியாக வந்தால் அது வெள்ளம், வெள்ளத்துக்கு அந்தப் பாலிசியில் காசில்லை. நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் அத்தை சொன்ன பதில்: "எல்லாத் தண்ணியும் மேலிருந்துதான் வந்துச்சுன்னு சொல்லுங்க மாப்பிள்ளை." சொன்னேன். செல்லுபடியாகவில்லை. மகள் கல்லூரிக்கு வைத்திருந்த பணம் சுவருக்குப் போனது.

அரிசி மட்டும் தப்பியது.

தண்ணீர் வடிந்த பிறகு கலிங்கைத் தேடிப் போனேன். இருந்தது. ஒரு சிமென்ட் பெட்டி, மேலே இரும்புக் கம்பி. கம்பி தெரியாத அளவுக்குப் புல், இரண்டு பிளாஸ்டிக் பை, ஒரு டென்னிஸ் பந்து. கவுண்டி விருந்தினர் அவர்களே, அது ஹெச்ஓஏ, அதாவது குடியிருப்பு வீட்டுக்காரர்கள் சங்கம், சுத்தம் செய்யவேண்டியது என்று நீங்கள் சொல்வீர்கள், தெரியும். ஹெச்ஓஏ உங்களைச் சொல்கிறது. தம்பி, இதை அப்படியே சொல்லலாம்.

அந்த ராத்திரி இந்தப் பகுதியில் ஓரடிக்கு மேல் மழை. பக்கத்து ஆர்லோ விஸ்டாவில் படகில் போய் ஆட்களை மீட்டார்கள். 2017இல் இர்மா புயல் வந்தபோதும் அதே ஆர்லோ விஸ்டாதான் மூழ்கியது. செயின்ட் ஜான்ஸ் ஆறு இன்னும் விசேஷம். 310 மைல் ஓடுகிற ஆறு மொத்தமே முப்பது அடிகூட இறங்குவதில்லை. அதனால் புயல் போய், வெயில் அடிக்க ஆரம்பித்த பிறகும் சான்ஃபோர்டு பக்கம் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது, வாரக்கணக்கில் நின்றது.

ஆகவே வெள்ளத்துக்குத் தனிப் பாலிசி வேண்டும். அரசாங்கமே 1968இலிருந்து ஒரு திட்டம் வைத்திருக்கிறது. வீட்டுக்கு இரண்டரை லட்சம் டாலர் வரை, உள்ளே இருக்கும் சாமானுக்கு ஒரு லட்சம் வரை. "வெள்ள வரைபடத்துல எங்க வீடு எக்ஸ் ஸோன், பேங்க்கே கேக்கல" என்பார்கள் சிலர். என் வீடும் எக்ஸ் ஸோன்தான் ஐயா! எக்ஸ் என்றால் பேங்க் கட்டாயப்படுத்தாது என்று அர்த்தம். தண்ணீருக்கு அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாது. பேங்க் கேட்கவில்லை என்று சும்மா இருப்பது இன்னொரு மண்குதிரை. பொதுவாகப் பாலிசி எடுத்து முப்பது நாள் கழித்துத்தான் அது நடைமுறைக்கு வரும். புயல் டிவியில் தெரிந்த பிறகு ஓடினால் கிடைக்காது. புயல் சீசன் தொடங்குவது ஜூன் 1. மே 1க்குள் கையெழுத்துப் போட்டாகவேண்டும்.

தலைவர் கடிகாரத்தைத் தட்டிக் காட்டுகிறார். மரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. 2004இல் சார்லி புயல் இந்த ஊர் ஓக் மரங்களை என்ன செய்தது என்று பெரிய கதை இருக்கிறது, தீபாவளிக்குக் கூப்பிட்டால் சொல்கிறேன். அரங்கத்து வாசலில், சாப்பாட்டு வரிசைக்கு முன்னால் ஒரு மேஜை போட்டிருக்கிறேன். பாலிசி விவரம் அங்கே இருக்கிறது. குளத்து வடிகால்களை மே மாதமே சுத்தம் செய்யச் சொல்லிக் கவுண்டிக்கு ஒரு மனுவும் இருக்கிறது. கையெழுத்து வாங்க என் மாமியார் உட்கார்ந்திருக்கிறார். அவரைத் தாண்டித்தான் பொங்கலுக்குப் போகமுடியும்.