இருநிற ஐவி: தரையை மூடும் கொடியை நட்டு வளர்ப்பது எப்படி?

(காட்சி: ஓர் இலை, மிக அருகில்)

இது ஆங்கில ஐவியில் ‘கிளேசியர்’ என்ற ரகம். இலையின் நடுவில் சாம்பல் படிந்த பச்சை, ஓரத்தில் வெள்ளை. அந்த வெள்ளையில் பச்சையம் கிடையாது. நடுப்பகுதிதான் முழு இலைக்கும் உணவு தயாரிக்கிறது. அதனால்தான் இது பச்சை ஐவியைவிட மெதுவாகப் படரும். இடத்தைத் தேர்ந்தெடுப்பதும் வெட்டுவதும் இதை மனதில் வைத்துத்தான்.

அடர்ந்த நிழலில் வண்ணம் மங்கி, புது இலைகள் பச்சையாகவே வரும். உச்சி வெயில் நேராக விழுந்தால் வெள்ளை ஓரம் கருகும். காலை வெயிலும் பிற்பகல் நிழலும் கிடைக்கும் இடம் நல்லது.

மண்ணை 20 செ.மீ. ஆழம் கொத்தி, களை வேர்களை எடுத்துவிட்டு, மட்கிய உரத்தை 5 செ.மீ. பரப்பிக் கலந்துவிடுங்கள். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். செடிக்குச் செடி 30 செ.மீ. விடுங்கள், சதுர மீட்டருக்குச் சுமார் 11 செடி பிடிக்கும்.

(காட்சி: தண்டின் கணு)

பலர் நட்டதோடு விட்டுவிடுகிறார்கள். கணுவில் சிறு புள்ளிகள் தெரிகின்றனவா? அவைதான் வேராகும். தண்டைத் தரையில் கிடத்தி, கணு மண்ணைத் தொடும்படி கொண்டை ஊசிபோல் வளைத்த கம்பியைக் குத்துங்கள். இலை மட்டும் மேலே இருக்கட்டும். சில வாரங்களில் அங்கேயே வேர்விடும். இடைவெளி சீக்கிரம் மூடும்.

திடீரென்று முழுப் பச்சைத் தளிர் வந்தால் தாமதிக்காதீர்கள். அதில் இலை முழுக்கப் பச்சையம் என்பதால் வேகமாக வளர்ந்து மற்றதை அமுக்கிவிடும். நுனியைக் கிள்ளினால் போதாது, கிளைத்த இடத்திலேயே வெட்டுங்கள்.

இலையில் நீர் கோத்ததுபோல் புள்ளி, சுற்றிலும் மஞ்சள் வளையம் என்றால் பாக்டீரியா. இரவு முழுக்க இலை நனைந்திருந்தால் இது பரவும். காலையில், செடியடியில் மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள். இலை மங்கி, அடியில் மெல்லிய வலை தெரிந்தால் செஞ்சிலந்தி. இலையின் அடிப்புறத்தில் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள்.

ஐவிச் சாற்றில் உள்ள ‘ஃபால்கரினால்’ என்ற வேதிப்பொருள் தோலில் அரிப்பும் கொப்புளமும் உண்டாக்கும், கையுறை கட்டாயம். கனிகள் நச்சு.

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஆங்கில ஐவி விற்பனைக்கு 2010 முதல் தடை உண்டு. காடுகளுக்குள் அவ்வளவு பரவிவிட்டது. உங்கள் பகுதியில் ஐவி நட அனுமதி உண்டா என்று பார்த்துவிட்டு நடுங்கள். மரத்தில் ஏறும் தண்டுகளை உடனே வெட்டுங்கள்: மேலே ஏறிய பிறகுதான் ஐவி பூத்துக் காய்க்கும், பறவைகள் விதையைத் தூரத்துக்குக் கொண்டுபோய்விடும்.