உதுமாலெப்பை என்று வாய் நிறையக் கூப்பிடுங்கள்

நடுவர் அவர்களே, நிந்தவூர்ச் சொந்தங்களே, அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம்.

பிள்ளைக்குப் பெயர் வைக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது பொருளா, பரம்பரையா? பரம்பரைதான் என்று பேச வந்திருக்கிறேன். எதிரணித் தங்கச்சி சற்றுமுன் உதுமாலெப்பை என்ற பெயரை எடுத்து வைத்து, உதுமான் என்றால் அரபு அகராதியில் ஏதோ பறவைக் குஞ்சாம், அதையா பிள்ளைக்கு வைப்பது என்று கேட்டார்.

சரி, அகராதி சொல்வது உண்மைதான். நம் கானமயிலின் இனத்தில் ஹுபாரா என்று ஒரு பாலைநிலப் பறவை, அதன் குஞ்சு. பாம்புக் குட்டி என்றும் பொருள் உண்டு. ஆனால் தங்கச்சி, மாறு செய்பவள் என்று பொருள்பட்ட ஒரு பெண்ணின் பெயரை ஜமீலா என்று மாற்றி வைத்த பெருமானார் (ஸல்), உதுமான் என்ற பெயரில் கை வைக்கவே இல்லை. அந்தப் பெயருடைய தோழருக்கே மகள் ருகையாவைக் கட்டிக் கொடுத்தார்கள், ருகையா மவுத்தான பிறகு இன்னொரு மகள் உம்மு குல்தூமையும் அதே மனிதருக்குத்தான் கொடுத்தார்கள். மதீனாவில் தண்ணீருக்கு சனம் தவித்தபோது ரூமா கிணற்றைச் சொந்தக் காசில் வாங்கி ஊருக்கு விட்டவர் அவர். 644 முதல் 656 வரை கலீஃபாவாக இருந்து, குர்ஆனை ஒரே சீராகப் பிரதி எழுதுவித்து ஊர் ஊராக அனுப்பியவர். இத்தனைக்கும் பிறகு அந்தப் பெயரைக் கேட்டால் குஞ்சா ஞாபகம் வரும்?

இன்னொன்று. உஸ்மான் என்பதுதான் திருத்தமாம், உதுமான் நாட்டுப்புறத்து உச்சரிப்பாம். இது எனக்கு உண்மையிலேயே வலித்தது. அரபியில் அந்த எழுத்து 'ஸ' இல்லை, நாக்கு நுனி பல்லைத் தொட வேண்டும், ஓதப் பழகிய எவருக்கும் தெரியும். பாரசீகரும் துருக்கியரும்தான் அதை 'ஸ' ஆக்கினார்கள். நம் மூத்தவாப்பாமார் சொன்ன 'த' அந்த அரபு ஒலிக்குப் பக்கத்திலேயே நிற்கிறது.

அப்புறம் லெப்பை. ஹஜ்ஜில் 'லப்பைக்', இதோ வந்தேன் என்கிறோமே, அதிலிருந்து வந்த சொல் என்பார்கள். பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்க, கலியாணத்துக்கு, மையித்து வீட்டுக்கு, எதற்குக் கூப்பிட்டாலும் வந்து நின்றவர் லெப்பை. 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகை தொடங்கிய சித்திலெப்பையும் அந்தச் சொல்லைப் பெயரிலேயே சுமந்தவர்தானே.

கல்முனைக் கடைத்தெருவில் பெயர்ப்பலகைகளைப் பாருங்கள், யூ.எல்., ஏ.எல்., எம்.எல். என்று வரிசையாக இருக்கும். அந்த யூ.எல். பலவற்றில் ஓர் உதுமாலெப்பை இரண்டு எழுத்தாகச் சுருங்கிக் கிடக்கிறார். பேரப்பிள்ளையிடம் விரித்துச் சொல்லச் சொன்னால் கூச்சப்படுகிறது. நானும் தவறினேன், நடுவர் அவர்களே: ஏழாம் நாள் முடியிறக்கி என் மகனுக்கு மூத்தவாப்பாவின் பெயரை வைக்கையில், பள்ளிக்கூடத்தில் கேலி செய்வார்களோ என்று பயந்து லெப்பையை விட்டுவிட்டேன். போன மாதம் அவனே வந்து கேட்டான், "வாப்பா, என்ட பேரில மிச்சம் எங்கே?"