கபிலரின் குளத்தை எந்தத் துறையில் படிப்பது?

(சிவகங்கை மாவட்டக் கல்லூரி ஒன்றில், மாணவர் வாசிப்பு வட்டத் தொடக்க நாளில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

'மாணவர்களும் இலக்கியம், அறிவியல், சமூகம் பற்றிய படிப்பும்' என்று அழைப்பிதழில் தலைப்புப் போட்டிருக்கிறார்கள். இந்தத் தலைப்பில் என்ன பேசினாலும் யாரும் மறுக்க மாட்டார்கள். அதுதான் சிக்கல். ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடம் ஒதுக்கி, மூன்றும் முக்கியம் என்று சொல்லிவிட்டு, போர்த்திய சால்வையோடு கிளம்பிவிடலாம். நீங்களும் கைதட்டிவிடுவீர்கள். அதனால் ஐந்தே வரியுள்ள ஒரு பாட்டைக் கொண்டுவந்திருக்கிறேன். அந்தப் பாட்டில் ஒரு குளம் இருக்கிறது. கொடுத்த நேரத்தில் பெரும்பகுதி அந்தக் குளக்கரையிலேயே நிற்கப் போகிறோம்.

புறநானூற்றில் 118ஆம் பாட்டு. பாடியவர் கபிலர்.

அறையும் பொறையும் மணந்த தலைய
எண்நாள் திங்கள் அனைய கொடுங்கரைத்
தெண்ணீர்ச் சிறுகுளம் கீள்வது மாதோ
கூர்வேல் குவைஇய மொய்ம்பின்
தேர்வண் பாரி தண்பறம்பு நாடே.

பாரி இறந்துவிட்டான். மூவேந்தரும் முற்றுகையிட்ட கதை உங்களுக்குத் தெரியும். பாரியின் பெண்களை அழைத்துக்கொண்டு பறம்பை விட்டுப் போகிற கபிலர், திரும்பிப் பார்த்துப் பாடியதாக வரும் பாட்டுகளில் இது ஒன்று. பறம்பு என்று சொல்லப்படுவது நம் பிரான்மலை. உங்களில் சிலர் அந்தப் பக்கமிருந்துதான் தினமும் பஸ் ஏறி வருகிறீர்கள்.

பாறையும் குன்றும் சேர்கிற இடத்தில் தலைப்பை வைத்து, எட்டாம் நாள் நிலவைப்போல வளைந்த கரையுடன், தெளிந்த நீர் நிறைந்த சிறுகுளம். அது உடைந்து போகுமே, பாரியின் குளிர்ந்த பறம்பு நாட்டில். பாட்டு அவ்வளவுதான். கண்ணீர் பற்றி ஒரு சொல் இல்லை, பாரியின் சாவு பற்றிக்கூட நேராக ஒன்றும் இல்லை. செத்தவன் நண்பன், இவர் பேசுவதோ குளத்தைப் பற்றி. தேர்வில் இதைப் பொதுவியல் திணை, கையறுநிலைத் துறை என்று எழுதினால் மதிப்பெண் கிடைக்கும். எழுதுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அங்கே நிறுத்தினால் அந்தக் குளத்தை நீங்கள் பார்க்கவே இல்லை.

வானத்திலிருந்து தொடங்கலாம். அமாவாசை கழிந்து எட்டாம் நாள் நிலவு ஏறக்குறைய சரிபாதி. பொழுது சாயும் நேரத்தில் உச்சியில் நிற்கும். ஒரு பக்கம் வில்லாக வளைந்திருக்கும், மறுபக்கம் நேர்கோடு. வளைந்த கரை என்று சொல்ல மூன்றாம் பிறையே போதும், கவிதைக்கு அது இன்னும் அழகும்கூட. கபிலர் எட்டாம் நாளைப் பிடித்தார். பள்ளத்தின் பக்கம் வில்லாக வளைந்த மண்கரை, மேட்டுப் பக்கம் நீர் வந்து முடிகிற விளிம்பு. சிவகங்கைச் சீமையில் எந்தக் கண்மாயையும் மேலிருந்து எடுத்த படத்தில் பாருங்கள். பெரும்பாலும் இந்த வடிவம்தான்.

ஏன் வளைய வேண்டும்? இங்கே நிலம் மெல்லச் சாய்ந்துகொண்டே போகிறது. ஓடி வருகிற நீரை நிறுத்தச் சரிவுக்குக் குறுக்கே நேராகக் கரை போட்டால், இரண்டு முனைகளையும் சுற்றிக்கொண்டு நீர் போய்விடும். அதனால் முனைகளை மேட்டை நோக்கித் திருப்பிக்கொண்டு போக வேண்டும், கரையின் உச்சி மட்டமும் தரை மட்டமும் சந்திக்கும்வரை. பக்கத்தில் பாறை இருந்தால் அதிலேயே கொண்டுபோய் முடித்துவிடலாம். மண் வேலையும் மிச்சம், முனையும் அரிக்காது. 'அறையும் பொறையும் மணந்த தலைய' என்ற முதல் வரி அதுதான்.

இந்த இடத்தில் யாராவது எழுந்து, பார்த்தீர்களா, சங்ககாலத்திலேயே நமக்குப் பொறியியல் தெரியும் என்பார். கொஞ்சம் பொறுங்கள். குளம் வெட்டியவர்களுக்குத் தெரியும், கபிலருக்குக் கண் இருந்தது. பாட்டைப் பொறியியல் கையேடாக்கினால் பாட்டும் கெடும், பொறியியலும் கெடும். மேடையில் பெருமை பேசுகிற அளவுக்கு நாம் கண்மாய்க்குப் போவதில்லை என்பது என் வருத்தம். சென்னையில் குறட்பாக்களைக் கல்லில் பொறித்து வைத்திருக்கிற வள்ளுவர் கோட்டம், பழைய நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் நிற்கிறது. 'நீரின்றி அமையாது உலகு' என்ற குறளும் அங்கேதான் இருக்கும். சரி, குளத்துக்குத் திரும்புவோம்.

'கீள்வது' என்கிறார். உடையும். ஏன் உடையும்? பாரி செத்தால் குளம் ஏன் உடைய வேண்டும்? பாட்டு காரணம் சொல்லவில்லை. படிப்பவரிடம் விட்டுவிடுகிறது. எனக்கு இந்தப் பாட்டில் மிகவும் பிடித்தது இந்த இடைவெளிதான்.

இயற்பியல் மாணவர்கள் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மீட்டர் ஆழத்தில் நீரின் அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டன் எடை. ஆழம் கூடக்கூட அழுத்தமும் கூடும். அதனால் கரையின் ஒரு மீட்டர் நீளத்தின்மேல் விழும் மொத்தத் தள்ளுவிசை ஆழத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும். இரண்டு மீட்டர் நீர் நின்றால் சுமார் 2 டன், நான்கு மீட்டர் நின்றால் சுமார் 8 டன். கரை அடியில் அகன்றும் மேலே குறுகியும் இருப்பதற்கு இது ஒரு காரணம். ஆனால் ஒழுங்காகப் போட்ட மண்கரையை நீர் அப்படியே தள்ளிச் சாய்ப்பது அபூர்வம். ஊரில் கேட்டால் வேறு காரணம் சொல்வார்கள்: நண்டு வளை, எலி வளை. விரல் நுழைகிற ஓட்டை வழியாக நீர் கசியும். கசிகிற நீர் கலங்கி வந்தால், உள்ளேயிருந்து மண்ணையும் எடுத்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். அதன் பிறகு பொழுது விடிவதற்குள் உடைப்பு. இன்னொரு காரணம், கலுங்கு அடைத்துப்போவது. மிச்ச நீர் வெளியேற வழியில்லாமல் கரைக்கு மேல் ஏறி வழிந்தால் மண் கரைந்துவிடும்.

ஆக, பாரி செத்ததால் குளம் உடையாது. நண்டு வளையை அடைக்க ஆள் இல்லாவிட்டால் உடையும். மழைக்கு முன்னால் கரையைச் சுற்றி வருகிறவர், கலுங்கில் தங்கிய செத்தையை இழுத்துப் போடுகிறவர், ராத்திரியில் கசிவைப் பார்த்து ஊரைக் கூப்பிடுகிறவர், இவர்களெல்லாம் கலைந்து போயிருப்பார்கள். ஒரு ஆட்சி போனதும் இந்த ஏற்பாடு கலையும் என்று கபிலருக்குத் தெரிந்திருக்கிறது. அப்படிப் படித்த பிறகு அந்த ஐந்து வரி எனக்கு முன்னைவிட அதிகமாக வலித்தது. விஞ்ஞானம் கவிதையைக் கொன்றுவிடும் என்று பயப்படுகிற தமிழ் மாணவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

இனி அந்த ஆள் யார் என்று கேட்க வேண்டும். தென் மாவட்டங்களில் நீர்ப்பாய்ச்சி என்றும் நீர்க்கட்டி என்றும் சொல்வார்கள். மடை திறப்பது, எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் என்று பிரித்துவிடுவது, கரையைக் காப்பது எல்லாம் அவர் வேலை. கூலி, அறுவடையில் களத்தில் அளக்கிற நெல். பல ஊர்களில் இந்த வேலை தலைமுறை தலைமுறையாகத் தலித் குடும்பங்களிடம் இருந்தது. ஊர் நீரின் கணக்கு முழுவதும் அவர் தலைக்குள் இருந்தது. அதே ஊரின் ஊருணியில் குடம் வைத்து மொள்ள அந்தக் குடும்பத்துப் பெண்களுக்கு உரிமை இருந்ததா என்று விசாரியுங்கள். குடிமராமத்து என்று நாம் பெருமையாகச் சொல்கிற ஊர்கூடி உழைப்பிலும் மண்கூடை யார் தலையில் இருந்தது என்ற கேள்வி உண்டு. 1858இல் சென்னை மாகாணத்தில் ஒரு கட்டாய உழைப்புச் சட்டமே போட்டார்கள். ஏரியோ வாய்க்காலோ உடையும் ஆபத்து என்றால் உடல் வலுவுள்ள உழைக்கும் வகுப்பு ஆண்களை வேலைக்கு இழுக்கலாம், மறுத்தால் தண்டிக்கலாம்.

உத்திரமேரூர்க் கல்வெட்டு உங்களுக்குப் பள்ளியிலேயே பாடம். முதலாம் பராந்தகன் காலம், 919, 921. குடவோலை முறை, ஏரி வாரியம். ஏரியைக் கவனிக்கத் தனியாக ஒரு வாரியம் வைத்திருந்தது பெரிய விஷயம், மறுக்கவில்லை. ஆனால் தகுதிப் பகுதியையும் படியுங்கள். வரி கட்டுகிற நிலம் கால்வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும், வேதப் படிப்பு வேண்டும், வயது 35க்கு மேல் 70க்குள். அது ஒரு பிராமண ஊர்ச் சபை. பானைக்குள் ஓலை போட்ட கதையைச் சொல்லி 'உலகின் முதல் ஜனநாயகம்' என்று முடிக்கிறவர்கள், யாருடைய பெயர் ஓலையில் ஏறவே முடியாது என்பதைச் சொல்வதில்லை. கல்வெட்டு எதையும் மறைக்கவில்லை, நாம்தான் பாதியில் மூடிவிடுகிறோம்.

நீர் பற்றிய நவீன இந்தியாவின் பெரிய சமூகப் பாடம் மகாராஷ்டிரத்தில் மகாத் என்ற ஊரில் இருக்கிறது. பொது நீர்நிலைகள் எல்லோருக்கும் திறந்தவை என்று பம்பாய்ச் சட்டசபை 1923இல் தீர்மானம் போட்டது. மகாத் நகராட்சியும் தன் பங்குக்கு சவதார் குளத்தைத் திறந்துவிட்டதாகத் தீர்மானம் போட்டது. காகிதத்தில் குளம் திறந்துதான் இருந்தது. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு நடந்து போய் அந்த நீரை அள்ளிக் குடித்த பிறகு, ஊர்ச் சாதி இந்துக்கள் சாணமும் கோமியமும் ஊற்றிக் குளத்துக்குத் தீட்டுக் கழித்தார்கள். வேதியியல் மாணவர்கள் இதில் எந்த நீர் சுத்தம் என்று சொல்லட்டும். வழக்கு பம்பாய் உயர்நீதிமன்றம்வரை போய் 1937இல்தான் தீர்ந்தது.

அம்பேத்கரை மாணவராகவும் பாருங்கள், இங்கே அது பொருத்தம். கொலம்பியாவுக்குப் பொருளாதாரம் படிக்கப் போனவர். அங்கே வரலாறு, சமூகவியல், தத்துவம், மானுடவியல் வகுப்புகளிலும் போய் உட்கார்ந்தார். இந்தியச் சாதிகளின் தோற்றம் பற்றி 1916 மே மாதம் அவர் வாசித்த கட்டுரை, மானுடவியல் கருத்தரங்கில் வாசித்தது. அப்போது வயது 25. 'இது என் டிபார்ட்மெண்ட் இல்லை சார்' என்று அவர் சொல்லியிருந்தால் அந்தக் கட்டுரை இல்லை.

உங்களில் பலர் வாட்ஸாப்பில் ஒரு செய்தியைப் பார்த்திருப்பீர்கள்: சீமைக்கருவேலம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி மழையைக் கெடுக்கிறது. 2017இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அந்த மரங்களை அகற்ற உத்தரவிட்ட நேரத்தில் அந்தச் செய்தி இன்னும் வேகமாகச் சுற்றியது. உங்கள் தாவரவியல் ஆசிரியரைக் கேட்டுவிட்டு ஒரு வேலை செய்யுங்கள். வெயில் நேரத்தில் ஒரு கிளையை இலையோடு பாலித்தீன் பையில் நுழைத்து வாயைக் கட்டுங்கள். கொஞ்ச நேரத்தில் பைக்குள் நீர்த்துளி அரும்பும். வேர் இழுத்த நீரை இலை வெளியே விடுகிறது. செய்தி சொன்னதற்கு நேர் எதிர். அதற்காக மரம் நல்லது என்று ஆகிவிடாது. ஆழ வேர் விடும், வரத்துக்காலை அடைக்கும், ஆடுமாடு தின்ற காயின் விதை சாணத்தோடு ஊரெல்லாம் பரவும். எதிர்க்க இவ்வளவு உண்மை இருக்கும்போது பொய் எதற்கு? அப்புறம், அதே மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிற குடும்பங்கள் இராமநாதபுரத்திலும் இங்கேயும் இருக்கின்றன. சொந்த நிலம் இல்லாதவர்களுக்கு மழை பொய்த்த ஆண்டிலும் அடுப்பெரிய வைத்தது அந்த முள்தான். ஒரேயடியாக வேரோடு பிடுங்கு என்று கோஷம் போடுகிறவர், கரி அள்ளுகிற பெண்ணிடம் ஒரு மணி நேரம் பேசிவிட்டு வந்து போடட்டும். கோஷம் மாறாமல் இருக்கலாம். ஆனால் கூடவே மாற்று வேலை என்ன என்ற கேள்வியும் வரும்.

'இதெல்லாம் சிலபஸில் இருக்கிறதா?' என்று பின்வரிசையில் ஒரு முணுமுணுப்பு கேட்கிறது. இல்லை. செமஸ்டர் தேர்வில் கண்மாய் பற்றிக் கேள்வி வராது. தமிழுக்கு ஒரு பீரியட், இயற்பியலுக்கு ஒரு பீரியட் என்று பிரித்தது மணி அடிக்கும் வசதிக்காக. அதை நான் குறை சொல்லவில்லை. பிரிக்காமல் ஆழமாகப் படிக்கவும் முடியாது. அழுத்தக் கணக்கு தெரியாத தமிழ் மாணவரும், பாட்டுக்குப் பொருள் பிரிக்கத் தெரியாத இயற்பியல் மாணவரும் ஒரே கரையில் சேர்ந்து நிற்க வேண்டும் என்பதுதான் நான் கேட்பது. ஒருவரே எல்லாம் தெரிந்தவராக இருக்கத் தேவையில்லை.

வாசிப்பு வட்டம் தொடங்குகிறீர்கள் அல்லவா? முதல் கூட்டத்தை அறைக்குள் வைக்காதீர்கள். அவரவர் ஊர்க் கண்மாய் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் புல வரைபடத்தைக் கேளுங்கள். அ-பதிவேட்டை இணையத்திலேயே பார்க்கலாம். பதிவேட்டில் உள்ள பரப்பையும் இப்போது நீர் நிற்கிற பரப்பையும் ஒப்பிடுங்கள். குறைந்திருந்தால் எந்தப் பக்கம், யாருடைய வேலி என்று எழுதிக்கொள்ளுங்கள். அது உங்கள் சொந்தக்காரர் வேலியாகவும் இருக்கலாம், அதையும் எழுதுங்கள். மடைகளை எண்ணுங்கள். கடைசியாக நீர்ப்பாய்ச்சியாக இருந்தவர் வீட்டைத் தேடிப் போங்கள். அவர் இல்லையென்றால் பிள்ளைகள் இருப்பார்கள், அவர்கள் ஏன் அந்த வேலைக்கு வரவில்லை என்று அவர்கள் வாயாலேயே கேளுங்கள். பல பேர் சந்தோஷமாகத்தான் விட்டிருப்பார்கள். ஊர்ப் பெரியவர்கள் சொல்வதிலிருந்து அது வேறாக இருக்கும்.

இதை எழுதி முடித்தால் எந்தத் துறைப் பேராசிரியர் கையெழுத்துப் போடுவார் என்று கேட்பீர்கள். முன்வரிசையில் நான்கு பேர் இருக்கிறார்கள், அவர்களே முடிவு செய்யட்டும். உங்கள் கேள்விகளைச் சொல்லுங்கள். மைக் பின்வரிசைக்கு முதலில் போகட்டும்.