கழுவெளியை மூடிக் கட்டிய ஊர்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

'பெருகும் நகரங்களால் மக்கள் உடல்நலத்துக்கு விளைந்தது நன்மையா, கேடா?' என்பது இன்றைய தலைப்பு. கேடே என்று சொல்ல நான் வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய அண்ணன், பிரசவ வலியில் துடித்த தன் அம்மாவை மாட்டுவண்டியில் ஏற்றி இருபது மைல் கொண்டுபோன கதையைச் சொன்னார். நகரத்து ஆஸ்பத்திரிதான் தாயையும் பிள்ளையையும் காப்பாற்றியது என்றார். கேட்டு நானும் கலங்கிப்போனேன். அதில் ஒரு சொல்லைக்கூட மறுக்க மாட்டேன். ஆனால் அண்ணா, அன்று உங்கள் அம்மாவைக் காப்பாற்றியது மருத்துவம். அந்த வரவை நகரத்தின் பெயரில் எழுதிவிட்டீர்கள். இன்று அதே ஆஸ்பத்திரி வாசலில் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு காய்ச்சல் வரிசையில் நிற்கிறார்களே, அந்தச் செலவை யார் பெயரில் எழுதுவது?

நான் தென்சென்னைக்காரி. வேளச்சேரியில் வளர்ந்தவள். உலகத்து நகரங்களையெல்லாம் அளக்க எனக்குத் தெரியாது, என் ஊரைச் சொல்கிறேன்.

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை எங்கள் பெரியவர்கள் கழுவெளி என்பார்கள். 1960-களில் அது ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல் பரந்து கிடந்தது. சுற்றியுள்ள முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகள் நிரம்பி வழிந்தால் அந்த உபரி நீர் இங்கேதான் வந்து சேரும். கோரைப்புல்லுக்குள் தங்கி, மெல்ல நிலத்துக்குள் இறங்கி, மிச்சம் ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாயில் விழுந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடலைத் தொடும். ஒரு ஊருக்கு மழைக்காலத்தில் வடிகாலாகவும் கோடையில் கிணற்று ஊற்றாகவும் இருந்த நிலம் அது. 2022-ல் அதை, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்த்தார்கள். அப்போது அறிவித்த பரப்பு சுமார் 1,248 ஹெக்டேர், அதாவது பழைய அளவில் கால்வாசி.

மீதி முக்கால்வாசியில் சாலை வந்தது, ரயில் நிலையம் வந்தது, கம்ப்யூட்டர் கம்பெனிகள் வந்தன, அடுக்குமாடிகள் வந்தன. சதுப்புக்குள்ளேயே பெருங்குடி குப்பைமேடும் எழுந்தது. தரிசு என்று காகிதத்தில் எழுதிவிட்டால் எதையும் கொட்டலாம் என்று நினைத்துவிட்டோம்.

தண்ணீருக்கு அந்தக் காகிதம் தெரியாது. 2015 டிசம்பர் 1-ம் தேதி, தாம்பரத்தில் மட்டும் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. 'இவ்வளவு பெய்தால் எந்த ஊர்தான் தாங்கும்?' என்று எதிரணியில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த மழை போக வேண்டிய இடத்தில் எங்கள் வீடுகள் இருந்தன. எங்கள் தெருவில் மார்பளவு நின்ற தண்ணீரில் மழைநீரும் சாக்கடையும் குப்பைமேட்டின் கசிவும் ஒன்றாகக் கலந்திருந்தன. அதற்குள் நடந்துதான் பால் வாங்கினோம். தண்ணீர் வடிந்த பிறகு வீட்டுக்கு வீடு வயிற்றுப்போக்கு, சேற்றுப்புண். எலியின் சிறுநீர் கலந்த வெள்ளத்தில் கால் வைத்தால், தோலில் ஒரு சின்னக் கீறல் போதும், எலிக்காய்ச்சல் கிருமி உள்ளே போய்விடும்.

நான்கே வருடம் கழித்து, 2019 கோடை. சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகளான பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. வெள்ளத்தில் முங்கிய அதே தெருவில் குடத்தோடு வரிசையில் நின்றோம். நடுவர் அவர்களே, இந்த இரண்டையும் தனித்தனி விபத்து என்று நினைக்காதீர்கள். மழையைப் பிடித்து வைக்கும் நிலத்தைத் தொலைத்தால் ஒரு வருடம் முங்குவோம், ஒரு வருடம் தவிப்போம்.

இப்போது கொசுவுக்கு வருகிறேன். தலைப்பின் சாரமே அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். காடும் வயலும் இருந்தால்தான் மலேரியா வரும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். தமிழ்நாட்டின் மலேரியாவில் பெரும்பகுதி பல ஆண்டுகள் சென்னை மாநகரத்தில்தான் இருந்தது. அதைப் பரப்பும் அனாபிலஸ் ஸ்டீபன்சி என்ற கொசுவுக்குக் காடு வேண்டாம். மூடாத மாடித் தொட்டி போதும், கிணறு போதும், கட்டட வேலை நடக்கும் இடத்தில் செங்கல் நனைக்கத் தேக்கிய தண்ணீர் போதும். வீடு எழும்பும் இடத்தில் கொசுவும் எழும்பியது, அங்கே ஷெட்டில் தூங்கிய கட்டடத் தொழிலாளியைத்தான் முதலில் கடித்தது. மாநகராட்சிப் பணியாளர்கள் தொட்டி தொட்டியாக ஏறி இறங்கி இன்று அந்த எண்ணிக்கையை வெகுவாகக் குறைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு என் கைகூப்பு.

டெங்கு இன்னும் நெருங்கியது. குழாயில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் வந்தால் என்ன செய்வோம்? டிரம்மில் பிடித்து வைப்போம். டெங்கு கொசு அந்த டிரம்மின் உள்சுவரில் முட்டை ஒட்டிவிட்டுப் போகும். தண்ணீர் தீர்ந்து டிரம் காய்ந்தாலும் முட்டை பல மாதம் சாகாது. மறுபடி நிரப்பும் நாளுக்காகக் காத்திருக்கும். என் மகனுக்கு ஏழு வயதில் டெங்கு வந்தபோது தட்டணுக்கள் குறையக் குறைய நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வீட்டைச் சுத்தமாக வைத்திருக்கக் கூடாதா என்று என்னைக் கேட்டார்கள். டிரம்மைத் தேய்த்துத்தான் வைத்திருந்தேன். டிரம்மே வேண்டாத ஒரு ஊரை எனக்கு யாரும் தரவில்லை.

சாக்கடை தேங்கினால் அங்கே இன்னொரு கொசு, க்யூலெக்ஸ். யானைக்கால் நோயைப் பரப்புவது அதுதான்.

அப்புறம் காற்று. 2022 ஏப்ரலில் பெருங்குடி குப்பைமேடு பற்றி எரிந்து நாள்கணக்கில் புகைந்தது. மட்கும் குப்பை காற்றில்லாமல் அழுகினால் மீத்தேன் உண்டாகும், ஒரு பொறி பட்டால் பிடித்துக்கொள்ளும். பி.வி.சி. பிளாஸ்டிக் சேர்ந்து எரிந்தால் டையாக்ஸின் வரும், அது புற்றுநோயை உண்டாக்கும் பொருள். அந்த வாரம் எங்கள் தெருவில் சன்னலை மூடினால் வெக்கை, திறந்தால் இருமல். பக்கத்து வீட்டுத் தாத்தா இரவெல்லாம் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தே மூச்சு வாங்கினார்.

எதிரணித் தங்கை ஒரு கேள்வி கேட்டார்: 'நகரத்தில் வேலை, வேலையால் சம்பளம், சம்பளத்தால் நல்ல சாப்பாடு, நல்ல வைத்தியம். இது நன்மை இல்லையா?' நன்மைதான் தங்கச்சி, ஆனால் அது யாருக்கு என்று பாருங்கள். கூவம், அடையாறு கரைகளில் இருந்தவர்களை அகற்றி கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் குடியேற்றினார்கள். ஆற்றங்கரை வெள்ளத்திலிருந்து காப்பாற்றுவதாகச் சொல்லி, சதுப்பின் ஓரத்தில் கொண்டுவந்து விட்டார்கள். வீட்டு வேலைக்குப் போகும் அம்மாவுக்கு இப்போது போக வர மூன்று பஸ். நல்ல சம்பளக்காரர் வீட்டில் காற்றுச் சுத்திகரிப்பான் ஓடுகிறது. அவர் வீட்டைத் துடைக்கும் அம்மா அந்தப் புகையைத் தாண்டித்தான் வீடு திரும்புகிறார்.

சென்னைக்கே முன்னொரு காலத்தில் நல்ல வழி தெரிந்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1872-ல் செங்குன்றத்து ஏரி நீரைப் பட்டணத்துக்குக் கொண்டுவந்தார்கள். 1914-ல் கீழ்ப்பாக்கத்தில் நீரைச் சுத்தம் செய்யும் நிலையம் வந்தது. காலராவை விரட்ட உதவியவை அந்தக் குழாய்கள். ஆனால் அதற்கு அடுத்த பத்தாண்டிலேயே மாம்பலத்தின் நீண்ட ஏரியைத் தூர்த்து தியாகராய நகரை எழுப்பினோம். மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' இன்றும் இருக்கிறது, ஏரியைத்தான் காணோம்.

பழைய மாமல்லபுரம் சாலையில் இந்தப் பழக்கம் முழு வேகத்தில் நடந்தது. முதலில் கட்டடம், பிறகு ஆட்கள், கடைசியில் குழாய். பெருங்குடி, சோழிங்கநல்லூர் பகுதிகள் 2011-ல் மாநகராட்சியில் சேரும் முன்பே அங்கே ஆயிரக்கணக்கில் குடும்பங்கள் வந்துவிட்டன. குடிக்க, குளிக்க லாரித் தண்ணீர். அந்த லாரி செங்கல்பட்டுப் பக்கத்து விவசாயக் கிணறுகளில் நிரப்பிக்கொண்டு வருகிறது. அந்தக் கிராமத்தில் நிலத்தடி நீர் இறங்குகிறது, அங்குள்ள பெண்கள் இன்னும் தூரம் நடக்கிறார்கள்.

கழிவுக்கும் லாரிதான். என் அக்கா வீட்டு அடுக்குமாடியில் ராத்திரி பத்து மணிக்குமேல் அது வரும். தொட்டியில் குழாயை இறக்கி உறிஞ்சிக்கொண்டு, விளக்கைக்கூடச் சரியாகப் போடாமல் கிளம்பும். ஒரு நாள் ஓட்டுநர் தம்பியிடம், 'இதை எங்கேப்பா கொண்டுபோய் விடுகிறீர்கள்?' என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல், சாலைக்கு அந்தப் பக்கம் இருட்டாகக் கிடந்த சதுப்பைப் பார்த்தார்.

எனக்குப் பின் பேச வரும் எதிரணி அண்ணன், வேறு எதற்குப் பதில் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, அந்த லாரி எங்கே போகிறது என்று மட்டும் இந்த மேடையில் சொல்லட்டும். வணக்கம்.