ஒன்று ஓடுகிறது, எல்லாம் சேர்ந்தால் நிற்கிறது: ஐநெட்டி பற்றி ஒரு கேள்வி

சரி, அடுத்த கேள்வி. கிண்ணியாவிலிருந்து ஒரு தம்பி அனுப்பியிருக்கிறார். வாசிக்கிறேன். "அண்ணா, எங்கள் பாடசாலைக் கணினி அறையில் ஹார்ட் டிஸ்க் இல்லாத பழைய கணினிகளை நெட்வொர்க் வழியாக பூட் செய்கிறோம். டெபியன் சர்வரில் டிஎஃப்டிபியை ஐநெட்டி மூலம் ஓடவிட்டிருக்கிறேன். ஒரு கணினியைப் போட்டால் ஒழுங்காக வருகிறது. பாடம் தொடங்கும்போது எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் கொஞ்ச நேரத்தில் எதுவும் வருவதில்லை. பத்து நிமிடம் கழித்துத் தானாகச் சரியாகிறது. சர்வரை மாற்ற வேண்டுமா?"

மாற்ற வேண்டாம் தம்பி. அந்தப் பத்து நிமிடம் என்று எழுதினீர்களே, அதுதான் காட்டிக்கொடுத்துவிட்டது.

டிஎஃப்டிபி என்பது பூட் ஆகும் கணினிகளுக்குக் கோப்புகளை அனுப்பும் எளிய சேவை. அதை எழுப்பிவிடும் ஐநெட்டி என்ன செய்கிறது என்று கொஞ்சம் பார்ப்போம். 1986இல் 4.3 பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் பதிப்போடு வந்த சாமான் அது. அன்றைக்கு மெமரி பொன் மாதிரி. எப்போதாவது ஒருவர் கேட்கும் சர்வரை நாள் முழுக்க மெமரியில் வைத்திருக்க முடியாது. அதனால் எல்லா வாசலிலும், அதாவது போர்ட்டிலும், ஐநெட்டி ஒருவரே காவல் நிற்பார். ஆள் வந்தால் உரிய சர்வரை எழுப்பிவிட்டு, வந்த இணைப்பை அதன் கையில் கொடுப்பார். அவ்வளவுதான்.

யாரை எழுப்புவது என்பது ஐநெட்டி டாட் கான்ஃப் கோப்பில் வரிவரியாக இருக்கும். உங்கள் வரியையும் அனுப்பியிருக்கிறீர்கள், நல்லது. வாசிக்கிறேன்: டிஎஃப்டிபி, டிகிராம், யுடிபி, நோவெயிட், ரூட், பிறகு நிரலின் முழுப் பாதை, பிறகு அதே நிரலின் பெயர் திரும்பவும், மைனஸ் எஸ், கோப்புகள் இருக்கும் இடம். பெயர் ஏன் இரண்டு தரம் என்று பலர் கேட்பார்கள். பாதைக்குப் பிறகு வருவதெல்லாம் நிரலுக்கு அப்படியே போகும், அதில் முதலாவது அதன் சொந்தப் பெயர். அதை விட்டுவிட்டால் மைனஸ் எஸ் என்பதையே நிரல் தன் பெயராக எடுத்துக்கொண்டு நிற்கும். நீங்கள் அதைச் சரியாகத்தான் போட்டிருக்கிறீர்கள். பிழை நாலாவது சொல்லில். நோவெயிட்.

நோவெயிட் என்றால் ஆட்டோ தரிப்பிடம் மாதிரி. ஒவ்வொரு ஆளுக்கும் ஓர் ஆட்டோவைக் கூப்பிட்டு ஏற்றிவிட்டு, அடுத்தவரைப் பார்ப்பது. இணைப்பு ஏற்படுத்திப் பேசும் டிசிபி முறைக்கு இது பொருந்தும், ஒவ்வொரு இணைப்பும் தனித்தனி ஆள் என்பதால். வெயிட் என்றால் நிலாவெளியில் புறாத்தீவுக்குப் போகிற படகு. கரையையே படகுக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு, அவர் முடித்துவிட்டுப் போகும்வரை ஐநெட்டி அந்தப் பக்கம் பார்க்காது. டிஎஃப்டிபி பயன்படுத்தும் யுடிபி முறையில் இணைப்பு என்று ஒன்று கிடையாது, தரவுப் பொட்டலம் வாசலில் வந்து விழும், அவ்வளவுதான். எழுப்பப்பட்ட சர்வர்தான் அதைக் குனிந்து எடுக்க வேண்டும்.

நீங்கள் நோவெயிட் போட்டதால் என்ன நடக்கிறது? பொட்டலம் விழுகிறது, ஐநெட்டி டிஎஃப்டிபியை எழுப்புகிறது. அது எழும்பிப் பொட்டலத்தை எடுப்பதற்குள் ஐநெட்டி திரும்பிப் பார்க்கிறது. அதே பொட்டலம் அங்கேயே கிடக்கிறது. ஓ, புது ஆள் என்று இன்னொரு பிரதியை எழுப்புகிறது. பிறகும் இன்னொன்று. ஒரு கணினி என்றால் சில பிரதிகளோடு தப்பிவிடும். வகுப்பு முழுக்க ஒன்றாகப் போட்டால் எண்ணிக்கை ஏறிவிடும். டெபியனில் வருகிற ஓபன்பிஎஸ்டி ஐநெட்டியில் ஒரு சேவைக்கு நிமிடத்துக்கு 256 தரம்தான் எல்லை. தாண்டினால் 'ஃபெயிலிங், லூப்பிங்' என்று சிஸ்லாக் என்ற பதிவேட்டில் எழுதிவிட்டுக் கதவைச் சாத்திவிடும். பத்து நிமிடம் கழித்துத் திரும்பத் திறக்கும். உங்கள் பத்து நிமிடம் வந்து சேர்ந்த வழி இதுதான். சிஸ்லாக்கைத் திறந்து பாருங்கள், அந்த வரி நிச்சயம் இருக்கும்.

எல்லையைக் கூட்டுகிறேன் என்று மட்டும் போகாதீர்கள். அந்தச் சொல்லை வெயிட் என்று மாற்றுங்கள், ஐநெட்டிக்கு ஹப் (HUP) என்ற சிக்னலை அனுப்புங்கள், கோப்பைத் திரும்ப வாசித்துக்கொள்ளும். அந்தக் கோப்பில் எக்கோ (வந்ததைத் திருப்பி அனுப்புவது), சார்ஜென் (எழுத்துகளைக் கொட்டுவது) என்ற பழைய சோதனைச் சேவைகளின் வரிகள் திறந்து கிடந்தால் அவற்றையும் மூடிவிடுங்கள். பொய் முகவரி போட்ட ஒரே பொட்டலத்தால் அவை இரண்டையும் ஓயாமல் பந்து விளையாட வைக்கலாம் என்று 1996இலேயே எச்சரிக்கை வந்துவிட்டது.

கேள்வியின் கடைசியில், "புது லினக்ஸில் இதெல்லாம் இல்லைதானே" என்றும் கேட்டிருக்கிறீர்கள். பெயர் மாறிவிட்டது, வேலை அதேதான். இப்போது லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டிதான் வாசலில் நிற்கிறது. டாட் சாக்கெட் கோப்பில் வாசல், டாட் சர்விஸ் கோப்பில் வேலையாள். அக்செப்ட் என்பதற்கு யெஸ் போட்டால் ஆளுக்கொரு பிரதி, நோ போட்டால் ஒரே சர்வரிடம் வாசலையே ஒப்படைப்பது. நோவெயிட்டும் வெயிட்டும் வேறு சட்டை போட்டு வந்த மாதிரி.

இதில் நானே ஒருமுறை மாட்டியிருக்கிறேன். தூரத்திலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச்சும் உபுண்டு 22.10 பதிப்பிலிருந்து இப்படித்தான் ஓடுகிறது. அது தெரியாமல் ஒரு ராத்திரி உப்புவெளியில் வீட்டிலிருந்தபடியே உவர்மலையில் இருந்த சர்வரின் எஸ்எஸ்எச் கோப்பில் போர்ட் எண்ணை மாற்றினேன். பழைய 22ஐ ஃபயர்வாலில் அடைத்தேன். பிறகு உள்ளே போக முடியவில்லை. நான் சொன்னது வேலையாளிடம், வாசலில் நின்றவருக்கு ஒன்றும் தெரியாது, அவர் இன்னும் 22இல்தான் நிற்கிறார். மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் அந்த மெஷினுக்கு முன்னால் உட்கார வேண்டியதாயிற்று.

அன்றைக்குச் செய்திருக்க வேண்டியது, சாக்கெட் கோப்பில் லிசன்ஸ்ட்ரீம் என்பதை முதலில் வெறுமையாக ஒரு வரி போட்டு, அடுத்த வரியில் புது எண்ணைக் கொடுப்பது. வெறும் வரியை மறந்தால் பழையதும் புதியதும் இரண்டுமே திறந்திருக்கும். உபுண்டு 24.04இல் எஸ்எஸ்எச் கோப்பில் மாற்றினாலே போதும், ஆனால் சிஸ்டம்டிக்கு டீமன் ரீலோட் கட்டளை கொடுத்துவிட்டு எஸ்எஸ்எச் சாக்கெட்டை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். 22ஐ அடைப்பதற்கு முன் இன்னொரு ஜன்னலில் புது எண்ணில் உள்ளே போய்ப் பாருங்கள்.

தம்பி, வெயிட் போட்ட பிறகு வகுப்பு முழுவதையும் ஒன்றாகப் போட்டுப் பார்த்துவிட்டு, என்ன ஆனது என்று கீழே எழுதுங்கள். அடுத்த கேள்விக்குப் போவோம்.